நாய்த் தீனிக்குக் காமா கதிர்: முதல் லாட் அனுப்பும் முன்

கோழிக் கறியைப் பட்டையாக அரிந்து காயவைத்து, பாக்கெட் போட்டு, நாய்களுக்கென்று லேபிள் ஒட்டி விற்பவர்கள் இப்போது ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். மாடியில் ஒரு டிரையர், கீழே ஒரு ஃப்ரீசர், வாட்ஸ்அப்பில் ஆர்டர். தொழில் கொஞ்சம் வளர்ந்ததும் இரண்டு தொல்லைகள் வரும். மூன்றாம் மாதம் பாக்கெட்டுக்குள் வண்டு ஓடுகிறது என்று ஒருவர் போட்டோ அனுப்புவார். பெரிய கடைக்காரர் கேட்டாரே என்று எடுத்த லேப் ரிப்போர்ட்டில் 'சால்மொனெல்லா உள்ளது' என்று ஒற்றை வரி இருக்கும். மனிதருக்கு வயிற்றுப்போக்கு வரவழைக்கும் கிருமி அது. அந்த நேரம் பார்த்து யாராவது சொல்வார்கள்: "காமா போட்டுடுங்க, ஒரு வருஷம் தாங்கும்." அதாவது, பாக்கெட் போட்ட சரக்கை அதற்கென்று இருக்கும் ஆலைக்கு அனுப்பி, காமா கதிரில் காட்டிக் கிருமியைக் கொல்வது.

போடலாம். ஆனால் எதற்குப் போடுகிறோம், எவ்வளவு போடுகிறோம், எதற்குப் போடவே கூடாது என்று தெரியாமல் போட்டால் காசும் போகும், சரக்கும் போகும். தீனித் தரம் பார்க்கும் வேலையில் இருப்பதால் இந்த வழியில் பலமுறை போய்வந்திருக்கிறேன். ஒருமுறை நன்றாக விழுந்தும் இருக்கிறேன், அதையும் சொல்கிறேன். நீங்கள் பூனைத் தீனி செய்பவர் என்றால் நேரே கீழே பூனை பற்றிய பகுதிக்குப் போங்கள். அதைப் படித்த பிறகு மேலே திரும்பி வரவேண்டிய தேவை அனேகமாக இருக்காது.

கதிர் என்ன செய்கிறது

முதலில் பயத்தைத் தீர்த்துவிடுவோம். கதிர் பட்ட தீனி கதிரியக்கம் உள்ளதாக ஆகிவிடாது. ஆலையில் கதிருக்கு வைத்திருக்கும் உலோகம் கோபால்ட்-60. அது விடும் காமா கதிர்களின் ஆற்றல் 1.17, 1.33 மெகா எலக்ட்ரான் வோல்ட். தீனியில் இருக்கும் அணுக்கருவைக் கிளறிப் புதிதாகக் கதிரியக்கம் உண்டாக்க இது போதாது. எக்ஸ்ரே எடுத்துவிட்டு வந்தவர் பக்கத்தில் நாம் தயங்காமல் உட்காருகிறோம் இல்லையா, அதே கதைதான். கோபால்ட் உலோகக் குழாய்களுக்குள் அடைத்து மூடப்பட்டிருக்கும். உங்கள் பெட்டி அதைத் தொடுவதே இல்லை.

கதிர் தீனிக்குள் ஊடுருவிப் போகும்போது கிருமியின் மரபுச் சரடை அறுக்கிறது. கூடவே, அங்கிருக்கும் தண்ணீரைச் சிதைத்து வீரியமுள்ள துணுக்குகளை உண்டாக்குகிறது. அவையும் கிருமியைத் தாக்கும். சூடு ஏறாது. டோஸை 'கிரே' என்ற அலகில் அளப்பார்கள்: ஒரு கிலோ பொருள் ஒரு ஜூல் ஆற்றலை உள்வாங்கினால் 1 கிரே. 10 கிலோகிரே என்பது பெரிய டோஸ். அதைத் தண்ணீருக்குக் கொடுத்தாலும் சுமார் 2.4 டிகிரிதான் சூடேறும். உறையவைத்துப் போன கறி உறைந்தபடியே திரும்பி வரும்.

இந்த முறையின் உண்மையான பலம் வேறிடத்தில் இருக்கிறது. நாய்க்குப் போடும் உலர் உருண்டைத் தீனியை எக்ஸ்ட்ரூடர் எந்திரத்தில் 100 டிகிரிக்கு மேல் வேகவைத்துத்தான் பிதுக்கி எடுக்கிறார்கள். சால்மொனெல்லா அங்கேயே செத்துவிடும். அப்புறம் ருசிக்காக மேலே கொழுப்பும் சாறும் தெளித்து, ஆறவைத்து, மூட்டை கட்டுவார்கள். கிருமி மறுபடி ஏறுவது அங்கேதான். நம் கோழிப் பட்டையிலும் இதேதான் நடக்கிறது: டிரையரிலிருந்து வந்ததைப் பச்சைக்கறி வெட்டிய அதே மேசையில் கொட்டுகிறோம், அதே கையால் எடுத்துப் பாக்கெட்டில் போடுகிறோம். கதிர் பாக்கெட்டை ஒட்டிய பிறகு வேலை செய்கிறது. அதற்குப் பிறகு கிருமி ஏற வழி இல்லை.

"நாய் குப்பையையே தின்கிறது, சால்மொனெல்லா அதை என்ன செய்யும்?" என்று கேட்பார்கள். பெரும்பாலும் நாய்க்கு ஒன்றும் தெரியாது, மலத்தில் மட்டும் கிருமி வெளியேறிக்கொண்டிருக்கும். படுப்பது மனிதர்கள். 2019-இல் அமெரிக்காவில் நாய்கள் கடிக்கும் காய்ந்த பன்றிக் காதுகளால் 154 பேருக்குத் தொற்று வந்தது. 2012-இல் தென் கரோலினாவில் ஓர் ஆலையில் செய்த உலர் நாய்த் தீனியால் அமெரிக்காவிலும் கனடாவிலுமாக 49 பேர் நோயுற்றார்கள். தீனியை எடுத்துப் போடும் கைதான் அடுத்த நிமிடம் குழந்தைக்குச் சோறு ஊட்டுகிறது.

எது தீராது

பூஞ்சணம் சாகும், அது ஏற்கெனவே விட்டுப்போன அஃப்ளாடாக்சின் நஞ்சு அப்படியே இருக்கும். சோளமோ கடலைப் பிண்ணாக்கோ சேர்ப்பவர்கள் இதை நினைவில் வையுங்கள். கெட்ட மூலப்பொருளைக் கதிர் நல்லதாக்காது. எலும்புத் துண்டின் கூர்மை, மெலமின் மாதிரிக் கலப்படம், மருந்து எச்சம் எதுவும் மாறாது. கொழுப்பு காறிப்போவதைக் கதிர் தடுக்காது, உண்மையில் வேகப்படுத்தும். பாக்டீரிய வித்துக்கள் சாதாரண டோஸுக்கு அசையாது. அதனால் ஈரமான தீனியை 8 கிலோகிரே போட்டு அலமாரியில் வைக்கலாம் என்று எண்ணவே வேண்டாம். கறியைச் சாதாரண அறை வெப்பத்தில் வைக்குமளவு முழுதாகக் கிருமி நீக்க வேண்டுமென்றால் அது வேறு உலகம். அமெரிக்க விண்வெளி வீரர்களுக்கான கறிக்கு, உறைந்த நிலையில் குறைந்தது 44 கிலோகிரே என்று அங்கே தனி விதியே இருக்கிறது.

ஆக, ஒரு வருடம் தாங்குவது கதிரால் மட்டும் இல்லை. காயவைத்தது சரியாக இருந்து, பாக்கெட் நன்றாக இருந்து, அதோடு கதிரும் சேர்ந்தால் தாங்கும்.

முதல் வேலை: உங்கள் சரக்கை அளப்பது

ஆலைக்கு போன் போடும் முன் லேபுக்குப் போங்கள். மூன்று அளவுகள் வேண்டும்: மொத்த நுண்ணுயிர் எண்ணிக்கை, 25 கிராமில் சால்மொனெல்லா உண்டா இல்லையா, நீர்ச் செயல்பாடு. கடைசியில் சொன்னது ஈரப்பதச் சதவீதத்திலிருந்து வேறானது. கிருமி குடிக்கக் கிடைக்கும் தண்ணீர் எவ்வளவு என்பதைக் காட்டுவது. அது 0.6-க்குக் கீழே இருந்தால் எதுவும் வளராது. கடைகளில் விற்கும் மெத்தென்ற பட்டைகளைப் பார்த்து நீங்களும் மெத்தென்று செய்ய ஆசைப்பட்டால் இந்த எண் ஏறிவிடும், பிறகு கதிர் தப்பவிட்ட பூஞ்சண வித்து ஒன்று போதும்.

எண்ணிக்கை ஏன் முக்கியம் என்று ஒரு கணக்கு. கிருமிகளைப் பத்தில் ஒரு பங்காகக் குறைக்க ஒரு குறிப்பிட்ட டோஸ் ஆகும். பச்சைக் கோழிக்கறியில் சால்மொனெல்லாவுக்கு அது சுமார் 0.5 முதல் 0.7 கிலோகிரே. காய்ந்த பொருளில் கிருமி இன்னும் கெட்டி. கணக்குக்கு 0.8 என்று வைத்துக்கொள்வோம். 5 கிலோகிரே போட்டால் ஆறு முறைக்குக் கொஞ்சம் மேலே பத்தால் வகுபடும். கிராமுக்கு 100 கிருமி இருந்த சரக்கில் சுமார் 18 கிலோவுக்கு ஒன்று மிஞ்சும். கிராமுக்கு 1 லட்சம் இருந்த சரக்கிலோ 18 கிராமுக்கு ஒன்று, அதாவது ஒவ்வொரு 100 கிராம் பாக்கெட்டிலும் ஐந்து! இரண்டுக்கும் ஒரே ஆலை, ஒரே டோஸ், ஒரே கட்டணம். வெட்டுப் பலகையைக் கழுவுவது இன்னும் உங்கள் வேலையாகவே இருக்கிறது.

டோஸ் எவ்வளவு

இந்தியாவில் இதற்குச் சட்டம் இருக்கிறது: அணுசக்தித் துறையின் 2012-ஆம் ஆண்டு விதிகள், உணவையும் அதைச் சார்ந்த பொருட்களையும் கதிரால் பதப்படுத்துவதற்கானவை. அதில் விலங்கு உணவும் தீவனமும் சார்ந்த பொருட்கள் பட்டியலில் வருகின்றன. வண்டு, புழு ஒழிக்க 0.25 முதல் 1 கிலோகிரே. நுண்ணுயிர் குறைக்க 5 முதல் 10. இவ்வளவுதான். உங்கள் புகார் வண்டு மட்டும் என்றால் 1-க்கு மேலே போகவேண்டியதில்லை. கொழுப்பும் பிழைக்கும், வைட்டமினும் பிழைக்கும்.

அமெரிக்காவில் விலங்குத் தீனிக்கு 50 வரை அனுமதி உண்டு. அதை இணையத்தில் படித்துவிட்டு, "நமக்கும் 25 போட்டுடலாமா, சேஃப்டிக்கு?" என்று கேட்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த உச்ச அளவு பெரும்பாலும் ஆய்வகத்தில் கிருமியே இல்லாமல் வளர்க்கும் எலிகளுக்கான தீனியில்தான் பயன்படுகிறது. இழக்கும் சத்தைக் கணக்கிட்டு முன்கூட்டியே சேர்க்க வேண்டும் என்று அதே அமெரிக்க விதி சொல்வதை யாரும் படிப்பதில்லை. தையமின், வைட்டமின் ஏ, வைட்டமின் ஈ மூன்றும் முதலில் அடிபடும். நீங்கள் செய்வது கொறிக்கும் தீனி மட்டும் என்றால் நாய்க்கு அந்தச் சத்து வேறு சோற்றிலிருந்து வந்துவிடும். வேளாவேளைக்குப் போடும் முழு உணவு செய்கிறீர்கள் என்றால் கதிர் பட்ட பிறகு ஒருமுறை லேபில் வைட்டமின் அளந்தே ஆகவேண்டும்.

பாக்கெட்

பாலித்தீன், பாலியெஸ்டர், நைலான் அடுக்குப் பைகள் நன்றாகத் தாங்கும். பாலிப்ரொப்பிலீன் சில மாதங்களில் நொறுங்க ஆரம்பிக்கும். பிவிசி பழுப்பேறும். கண்ணாடி ஜாடி அனுப்பினால் பழுப்பு ஜாடியாகத் திரும்பும். பார்க்க அழகாகத்தான் இருக்கும், நீங்கள் கேட்டது அதுவல்ல. பை விற்பவரிடம் 'காமா தாங்குமா' என்று எழுத்தில் கேளுங்கள்.

உள்ளே காற்று இருக்கக் கூடாது. ஆக்சிஜன் இருந்தால் கதிர் அதிலிருந்து ஓசோன் உண்டாக்கும், கொழுப்பு காறும். வெற்றிடமாக்குங்கள், இல்லை நைட்ரஜன் அடையுங்கள். தோலோடு கூடிய கோழி, பன்றிக் காது மாதிரிக் கொழுப்புச் சரக்குக்கு இது மிக அவசியம்.

ஒரு வேடிக்கை. கதிர் பட்ட கறியில் கந்தகச் சேர்மங்களால் ஒரு வாடை வரும். ஆங்கிலத்தில் எழுதும் ஆய்வாளர்கள் அதை விவரிக்கும் சொற்களில் ஒன்று 'நனைந்த நாய் வாடை'. முதல்முறை நான் பெட்டியைப் பிரித்தபோது அது நாய் வாடையா கோழி இறகு தீய்ந்த வாடையா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை, ஆனால் மூக்கைப் பின்னால் இழுக்க வைத்தது. இரண்டு வாரத்தில் குறைந்துவிட்டது. நாய்கள் முதல் நாளே எந்தப் புகாரும் இல்லாமல் தின்றன.

ஆலையோடு பேசுவது

இந்த ஆலைகள் எல்லாம் ஒரே மாதிரி இல்லை. நவி மும்பை வாஷியில் 2000-இலிருந்து மசாலாப் பொருட்களுக்கென அரசு நடத்தும் ஆலை இருக்கிறது. நாசிக் பக்கம் லாசல்காவில் வெங்காயத்துக்காகத் தொடங்கியது இன்னொன்று. தனியார் ஆலைகளும் உண்டு. இலங்கையில் இருப்பவர்களுக்கு பியகமவில் அரசின் காமா மையம் இருக்கிறது. இந்தியாவில் எந்த ஆலையும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் இல்லாமல் ஓட முடியாது. நீங்கள் கேட்கவேண்டியது, அந்த உரிமம் விலங்குத் தீனியையும் சேர்த்ததா என்பது. ஊசி, கையுறை, பஞ்சு மட்டும் எடுக்கும் ஆலைகள் உண்டு. அங்கே பழகிய டோஸ் 25 கிலோகிரே. அவர்களோடு உங்கள் பெட்டியும் ஏறிவிட்டால் கோழிப் பட்டை காறல் பட்டையாகிவிடும்.

ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். கோபால்ட் கம்பிகள் சுமார் ஆறு மீட்டர் ஆழத் தண்ணீர்த் தொட்டியில் கிடக்கும். வேலை தொடங்கும்போது மேலே எழும்பும். சுற்றிலும் இரண்டு மீட்டர் தடிமனுக்குக் கான்கிரீட். பெட்டிகள் தொங்கும் தூக்கிகளில் ஏறி, வளைந்து வளைந்து போகும் வழியாக உள்ளே போய், கம்பிகளைச் சுற்றிவிட்டு வரும். கிடங்கின் நடுவே கம்பி வலைத் தடுப்பு: ஒரு பக்கம் கதிர் படாதவை, மறுபக்கம் பட்டவை. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் கண்ணால் பிரித்தறிய முடியாது, அதனால்தான் அந்த வலை. வலை இல்லாத ஆலை என்றால் திரும்பி வந்துவிடுங்கள்.

கேட்கவேண்டிய கேள்விகளில் முக்கியமானது டோஸின் ஏற்றத்தாழ்வு. பெட்டியின் வெளிப்பக்கம் அதிகம் வாங்கும், நடுப்பகுதி குறைவாக வாங்கும். இரண்டுக்கும் உள்ள விகிதம் 1.6 என்றால், நடுவில் 5 கிடைக்கும்போது ஓரத்தில் 8; சட்டத்துக்குள் இருக்கிறோம். விகிதம் 2.2 என்றால் ஓரத்தில் 11, உச்ச அளவைத் தாண்டிவிட்டோம். இந்த விகிதத்தை நிர்ணயிப்பது பெரும்பாலும் நீங்கள் பெட்டியை அடுக்கும் விதம்தான்.

நான் விழுந்தது இங்கேதான். முதல் லாட்டில் மூட்டு எலும்புகளைப் பெட்டியின் நடுவிலும் அடியிலும் அடுக்கி, மேலே இருந்த இடத்தில் லேசான ஈரல் பொடிப் பாக்கெட்டுகளைத் திணித்தேன். வண்டி வாடகை மிச்சமாயிற்று என்று ஒரே சந்தோஷம். பெட்டிகள் திரும்பி வந்தபோது மேலே ஒட்டியிருந்த மஞ்சள் வில்லை சிவப்பாகியிருந்தது, எல்லாம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன். சோதனைக்காக உள்ளே வைத்திருந்த, டோஸை அளக்கும் டோசிமீட்டரின் கணக்கு பிறகு வந்தது. எலும்புகளுக்கு நடுவே நாங்கள் கேட்டதை விடக் குறைவாகத்தான் போயிருந்தது. மறுபடி அனுப்பலாமே என்றால், ஒருமுறை கதிர் பட்டதை மறுபடி கதிருக்கு உட்படுத்தக் கூடாது என்பது பொது விதி. அனுப்பினாலும் ஓரத்துப் பாக்கெட்டுகள் எல்லை தாண்டிவிடும். தப்பு முழுக்க என் அடுக்கில். அந்த லாட்டை விற்கவில்லை.

ஆகவே ஒரு பெட்டியில் ஒரே பொருள், ஒரே அடர்த்தி, எல்லாப் பெட்டியும் ஒரே எடை. அந்த வில்லை 'உள்ளே போய் வந்தது' என்று மட்டும்தான் சொல்லும், எவ்வளவு என்று சொல்லாது. டோஸைச் சொல்வது டோசிமீட்டர். அதன் சான்றிதழில் குறைந்தபட்சமும் அதிகபட்சமும் தனித்தனியாக எழுதியிருக்க வேண்டும். கோபால்ட் 5.27 வருடத்தில் பாதியாகும், மாதத்துக்குச் சுமார் 1 சதவீதம் தேயும். போன வருடம் எடுத்த நேரத்தையே இந்த வருடமும் வைத்தார்களா என்று ஒரு வார்த்தை கேட்டால் தப்பில்லை. கோபால்டுக்குப் பதில் எலக்ட்ரான்களைப் பாய்ச்சும் எலக்ட்ரான் கற்றை ஆலை என்றால் இன்னொரு கவனம்: காமா பெட்டியையே துளைத்துப் போகும், எலக்ட்ரானோ தண்ணீர் அளவு அடர்த்தியில் சுமார் ஐந்து சென்டிமீட்டருக்குள் நின்றுவிடும். பெட்டியை மெல்லியதாக அடுக்கி இரண்டு பக்கமும் காட்ட வேண்டும்.

கட்டணம் கிலோவுக்கா, பெட்டிக்கா, தூக்கிக்கா என்று முதலிலேயே தெளிவாக்குங்கள். குறைந்தபட்ச அளவு இருக்கும். நான்கு சிறு தயாரிப்பாளர்கள் சேர்ந்து ஒரே நாளில் அனுப்புவதும் நடக்கிறது.

சோதனை லாட்

முழுச் சரக்கையும் ஒரேயடியாக அனுப்பாதீர்கள். ஒரே நாளில் செய்ததை மூன்றாகப் பிரியுங்கள்: கதிர் படாதது, 5 வாங்கியது, 9 வாங்கியது. மூன்றையும் ஒரே அலமாரியில், நம் ஊர் வெயிலில் கடை எப்படிக் காயுமோ அந்தச் சூட்டில் வையுங்கள். மாதம் ஒருமுறை ஒவ்வொன்றிலும் ஒரு பாக்கெட் பிரித்து மொத்த எண்ணிக்கையும் பெராக்சைடு அளவும் பாருங்கள். பெராக்சைடுதான் கொழுப்பு காறத் தொடங்கியதை மூக்குக்கு முன்னால் சொல்லும். 9 வாங்கியது நாலாம் மாதமே காறினால் உங்கள் காலாவதித் தேதி அதை வைத்துத்தான், சால்மொனெல்லா இல்லை என்பதை வைத்து அல்ல. முடிந்தால் மூன்றையும் தட்டில் போட்டு நாலைந்து நாய்களிடம் விடுங்கள். எங்கள் வீட்டு நாய் எதையும் தின்னும், அது சாட்சிக்கு உதவாது. சோற்றில் முகம் திருப்பும் நாயாகப் பாருங்கள்.

பூனை

2008-இல் ஆஸ்திரேலியாவில் பூனைகள் பின்னங்கால் தள்ளாடி, சில எழுந்திருக்கவே முடியாமல், மருத்துவர்களிடம் வரத் தொடங்கின. கிட்டத்தட்ட 90 பூனைகள். பலவற்றைக் கருணைக்கொலை செய்யவேண்டி வந்தது. எல்லாம் தின்றது வெளிநாட்டிலிருந்து வந்த ஒரே உலர் தீனி. நோய்க்கிருமி நுழையாமலிருக்க இறக்குமதி விதிப்படி அதற்கு ஆஸ்திரேலியாவில் 50 கிலோகிரேவுக்கு மேல் காமா கொடுத்திருந்தார்கள். அதே தீனி கதிர் படாமல் விற்ற நாடுகளில் பூனைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. 2009 மே மாதம் பூனைத் தீனிக்குக் கதிர்வீச்சை அந்த நாடு நிறுத்தியது. கதிர் பட்ட நாய்த் தீனியில் பூனைக்குக் கொடுக்கக் கூடாது என்று அங்கே அச்சிட வேண்டும்.

இது தனி நிகழ்வும் இல்லை. ஆய்வுக்கூடங்களில் கதிர் பட்ட தீனியே தின்று வளர்ந்த பூனைகளிடமும் இதே தண்டுவட நோய் பதிவாகியிருக்கிறது. ஒரு கூட்டத்தில் டோஸ் ஏறக்குறைய 25-இலிருந்து 54 கிலோகிரே வரை. நரம்பு இழையின் மேலுறை கழன்றுபோகிறது. விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009-இல் வெளியிட்டதில் ஒரு நல்ல செய்தியும் உண்டு: சாதாரணத் தீனிக்கு மாற்றியதும் உறை மறுபடி வளர்ந்து பூனைகள் நடந்தன. வைட்டமின் ஏ அழிந்ததாலா, பெராக்சைடு சேர்ந்ததாலா என்ற சந்தேகங்கள் இருந்தாலும் காரணம் உறுதியாகவில்லை. நாய்களுக்கு ஏன் வரவில்லை என்பதும் அப்படியே நிற்கிறது.

நம் 5-உம் 10-உம் அந்த அளவுக்கு ரொம்பக் கீழே என்று வாதாடலாம். ஆனாலும் காரணமே தெரியாத ஒன்றில் அடுத்தவர் வீட்டுப் பூனையை வைத்துச் சோதிக்க நான் தயாரில்லை. பூனைத் தீனிக்குக் கதிர் வேண்டாம். நெத்திலிக் கருவாடு செய்பவர்கள் உப்பு, சூடு, நல்ல பை மூன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

லேபிளும் கோப்பும்

கதிரால் பதப்படுத்தியது என்று வெளிப்படையாக எழுதுங்கள். பச்சை வட்டத்துக்குள் இலை மாதிரி இருக்கும் 'ராடுரா' சின்னத்தைப் போட்டு, கதிர் கொடுத்த தேதி, எதற்காகக் கொடுத்தது என்பதையும் சேருங்கள். மறைத்து வைத்தால் நாளைக்கு யாராவது கண்டுபிடித்துக் கத்துவார்கள். எழுதிவிட்டால் கேள்வி வரும், பதில் சொல்லலாம். அதன் கீழே, ஆஸ்திரேலியாவில் செய்வதுபோல, 'பூனைக்குக் கொடுக்க வேண்டாம்' என்று ஒரு வரி. நாயும் பூனையும் ஒரே தட்டை நக்கும் வீடுகள் நிறைய.

ஒவ்வொரு லாட்டுக்கும் ஒரு கோப்பு: அனுப்பும் முன் எடுத்த லேப் ரிப்போர்ட், பெட்டி எண்கள், டோசிமீட்டர் சான்றிதழ், திரும்பி வந்தபின் எடுத்த ரிப்போர்ட். கூடவே லாட்டுக்கு இரண்டு பாக்கெட்டை விற்காமல் பீரோவில் வையுங்கள், காலாவதி முடிந்து ஒரு மாதம் வரை. புகார் சொல்லி ஒருவர் போன் செய்யும்போது, அவர் கையில் இருப்பதன் ஜோடியை நீங்களும் பிரித்து மோந்து பார்க்க முடியும்.